வேலியோரப் பூவை வீட்டுப் பாத்தியில் முளைக்க வைப்பது எப்படி?

‘வைல்ட்ஃப்ளவர் மிக்ஸ்’ என்று விற்கும் விதைப் பொட்டலத்தைப் பிரித்தால் பெரும்பாலும் காஸ்மாஸ், ஜீனியா, செண்டுமல்லிதான் இருக்கும். மூன்றுமே மெக்சிகோப் பக்கத்துச் செடிகள். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் நம் ஊர்க் காட்டுப்பூ அவை அல்ல. நம் மண்ணின் ஓராண்டுப் பூச்செடி வேண்டுமென்றால் கடையை விட்டுவிட்டு வேலியோரத்தையும் தரிசையும் பாருங்கள்.

முதல்முறை செய்பவர்களுக்கு நான்கு செடி போதும். தும்பை, நல்வேளை, காசித்தும்பை, கிலுகிலுப்பை. தும்பை ஒன்றிரண்டு அடிக்குள் நிற்கும். வேட்டி வெளுப்புக்கும் இட்லி வெளுப்புக்கும் உவமை சொல்கிறோமே, அந்தப் பூதான். நல்வேளை இரண்டு மூன்று அடி போகும். வெள்ளைப்பூ, உள்ளங்கை விரித்தாற்போல ஐந்து சிற்றிலை. மஞ்சளாகப் பூத்தால் அது நாய்வேளை, வேறு செடி. காசித்தும்பைக்குப் பெயரில்தான் தும்பை, தும்பையோடு எந்த உறவும் இல்லை. நர்சரியில் ‘பால்சம்’ என்று அடுக்குப்பூ வகையைத் தருவார்கள். ஒற்றை அடுக்கையே தேடிப்பிடியுங்கள். தேனீக்கு வழி திறந்திருப்பதும், விதை நன்றாகப் பிடிப்பதும் ஒற்றை அடுக்கில்தான். கிலுகிலுப்பை மஞ்சள் பூ. காய் முற்றிக் காய்ந்ததும் உள்ளே விதை உதிர்ந்து குலுங்கும், பெயரும் அப்படி வந்ததே.

எப்போது விதைப்பது

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது காய்கறிக்குச் சரி. கிழக்குச் சமவெளியில் இந்தப் பூக்களை ஆடியில் விதைத்தால் ஆவணி வெயிலில் நாற்று கருகும், பிறகு தினமும் தண்ணீர் சுமக்க வேண்டும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமழை. அது சராசரியாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி முதல் வாரத்துக்குள் விதைத்துவிட்டால் மழையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும், மார்கழியில் பாத்தி பூத்து நிற்கும். கன்னியாகுமரி மாவட்டம் போலத் தென்மேற்கு மழையும் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் ஜூனிலேயே தொடங்கலாம்.

விதை

சென்ற தை, மாசியில் சேகரித்த விதைதான் இதற்கு ஏற்றது. ஒரு இடத்தில் பத்துச் செடி இருந்தால் மூன்றிலிருந்து மட்டும் எடுங்கள், மீதி அந்த இடத்துக்கு. பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். காகித உறையில் போட்டு, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, ஊரும் தேதியும் எழுதிவையுங்கள்.

நல்வேளையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பறித்த கையோடு விதைத்தால் ஏமாற்றிவிடும். புதுவிதைக்கு உறக்கம் உண்டு. மூன்று மாதமாவது காகித உறையில் கிடந்த விதைதான் ஒழுங்காக முளைக்கும். தையில் எடுத்து ஐப்பசியில் விதைப்பவர்களுக்கு இந்தச் சிக்கலே வராது.

கிலுகிலுப்பையின் தோல்

‘இருபது விதை போட்டேன், ஒன்று வந்தது’ என்று கேட்டால் அது கிலுகிலுப்பையாகத்தான் இருக்கும். விதை கெட்டதில்லை. பயறு குடும்பத்துச் செடி இது. விதைத்தோல் மெழுகு பூசினாற்போல இறுகி, தண்ணீரை உள்ளே விடாது. தரிசில் வெயிலும் மண்ணும் மாதக்கணக்கில் அந்தத் தோலைத் தேய்க்கின்றன. வீட்டில் அதை நாம் செய்ய வேண்டும்.

வெந்நீரில் ஊறவைப்பது பலரும் சொல்லும் முறை. கொதிநீரை அடுப்பிலிருந்து இறக்கி மூன்று நிமிடம் ஆறவிட்டு, விதைமேல் ஊற்றி, இரவு முழுக்க விட வேண்டும். அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் விதை வெந்துவிடும். ஆறிப்போனதை ஊற்றினால் ஒன்றும் நடக்காது. எனக்குப் பிடித்தது உப்புத்தாள். 120 நம்பர் தாளைத் தீப்பெட்டியின் உள்தட்டு அளவுக்கு வெட்டி அடியிலும் மேலேயும் ஒட்டுங்கள். இருபது முப்பது விதையை உள்ளே போட்டு மூடி, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். திறந்து ஒரு விதையை வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்புப் போய், சாக்பீஸ் தூள் தடவியதுபோல மங்கியிருந்தால் போதும். எங்காவது தோல் உரிந்து உள்ளே வெளிறிய பருப்புத் தெரிந்தால் அளவு மீறிவிட்டது, அந்த விதை மண்ணில் அழுகும்.

தேய்த்த விதையை மாலையில் சாதாரணத் தண்ணீரில் போடுங்கள். காலையில் பார்த்தால் சில விதைகள் ஏறக்குறைய இரு மடங்கு உப்பியிருக்கும், சில அப்படியே கல்லாகக் கிடக்கும். உப்பியதை அன்றே விதைத்துவிட வேண்டும், திரும்ப உலரவிட்டால் செத்தது. கல்லாகக் கிடப்பதைத் துடைத்து மறுபடி தீப்பெட்டியில் போடுங்கள். மற்ற மூன்று செடிக்கும் இந்தப் பாடு கிடையாது; தேய்த்துத் தொலைத்துவிடாதீர்கள்.

பாத்தி

மூன்றடிக்கு ஆறடி போதும். வெயில் ஆறு மணி நேரமாவது விழ வேண்டும். செம்மண் என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். களிமண் என்றால் மேல் நான்கு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு மணல் கலந்து, பாத்தியை அரையடி உயர்த்துங்கள். எரு வேண்டாம். கனிந்த கையோடு மண்புழு உரத்தைக் கொட்டினால் நல்வேளை இலையாக வளர்ந்து முதல் காற்றில் சாயும், பூ தாமதமாகும். வறண்ட மண்ணுக்குப் பழகிய செடிக்கு விருந்து வைக்கக் கூடாது.

விதைக்கப் பதினைந்து நாள் முன்பே பாத்தியை நன்றாக நனைத்துவிடுங்கள். மண்ணில் உறங்கும் களைவிதை எல்லாம் கிளம்பும். பத்தாம் நாள் களைக்கொத்தால் மேலாகச் சுரண்டி எடுங்கள். ஆழக் கொத்தினால் அடியில் கிடக்கும் புதுக்களைவிதையை நீங்களே மேலே கொண்டுவந்து போடுவீர்கள். கோரைக்கு மட்டும் விதிவிலக்கு. அதன் கிழங்கைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

விதைப்பு

தூவாதீர்கள், வரிசை போடுங்கள். காட்டுப்பூ என்றால் கலந்துதான் கிடக்க வேண்டும் என்று நினைப்பது அழகான எண்ணம். முளைத்த பிறகு எது பூ, எது களை என்று தெரியாமல் நிற்கும்போது அந்த எண்ணம் கசக்கும். வடக்குப் பக்கம் கிலுகிலுப்பை, அடுத்து நல்வேளை, அதற்கு முன்னால் காசித்தும்பை, ஓரத்தில் தும்பை. இப்படி வைத்தால் உயரமானது குட்டையின் வெயிலை மறைக்காது.

கிலுகிலுப்பையை அரை அங்குலம் ஆழத்தில், ஒன்றரை அடிக்கு இரண்டு விதையாக ஊன்றுங்கள். ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் பிழைப்பது கடினம். காசித்தும்பைக்குக் கால் அங்குலம். நல்வேளை விதை கடுகைவிடச் சிறியது, நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும். அதற்கும் கால் அங்குலம் மண் மூட வேண்டும், வெளிச்சம் பட்டுக் கிடந்தால் முளைப்புக் குறையும். தும்பைக்கு மண் மூடவே வேண்டாம். ஒரு பங்கு விதையைப் பத்துப் பங்கு உலர்ந்த மணலில் கலந்து கோடாகத் தூவி, பலகையால் அழுத்திவிட்டால் போதும். மணல் கோடு வெளுப்பாகத் தெரிவதால் எங்கே விழுந்தது என்பதும் தெரியும்.

விதைத்த அன்றே நான்கு சிறு தொட்டிகளில், வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சலித்த மணலில், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு விதை போட்டுப் பெயர் எழுதிவையுங்கள். இந்த மாதிரித் தொட்டிதான் பாத்திக்கு அகராதி. தொட்டியில் எப்படி முளைக்கிறதோ, பாத்தியிலும் அப்படி இருப்பதை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கலாம். காசித்தும்பை நாற்றுக்குத் தடித்த, நீர் கோத்த தண்டு. நல்வேளையின் முதல் நிஜ இலை மூன்றாகப் பிரிந்திருக்கும், கசக்கினால் நெடி அடிக்கும். தும்பையில் இலை எதிரெதிராக வரும், தண்டை விரலில் உருட்டினால் நான்கு பட்டை தட்டுப்படும். கிலுகிலுப்பை அவரை முளைபோலத் தடித்த இரு பருப்போடு எழும். தரையோடு ஒட்டி, பிளவுபட்ட இலையை வட்டமாக விரித்தால் அது பார்த்தீனியம். கையுறை போட்டு அப்போதே எடுத்துவிடுங்கள்.

முதல் மழை

சரியாகச் செய்தவர்களும் கோட்டைவிடுவது இங்கேதான். மழைக்கு முந்தின நாள் விதைத்து, ராத்திரி ஒரே அடியாக இரண்டு அங்குலம் கொட்டினால், காலையில் தும்பை விதை முழுக்கப் பாத்தியின் ஒரு மூலையில் குவிந்திருக்கும். முதல் பெருமழை மண்ணை நனைத்து முடிக்கட்டும், அடுத்த நாள் மாலை விதையுங்கள். மேலே பழைய தென்னங்கீற்றை நான்கு செங்கல்மேல் ஒரு சாண் உயரத்தில் படுக்கப் போட்டால் துளியின் வேகம் உடையும், வெளிச்சமும் கசியும். முளை தெரிந்ததும் கீற்றை எடுத்துவிட வேண்டும். நான்கு நாள் தாமதித்தால்கூட நாற்று வெளிறி நீண்டுவிடும்.

மழை இல்லாத நாளில் பூவாளி. குழாயை நேராகப் பிடித்தால் மழை செய்யாததை நீங்கள் செய்துவிடுவீர்கள். எறும்பு வரிசை தென்பட்டால் மருந்து தெளிக்க வேண்டாம். பாத்திக்கு ஆறடி தள்ளி அரைக் கைப்பிடி ரவையைப் போடுங்கள், இரண்டு நாள் அதிலேயே மும்முரமாக இருக்கும்.

தேய்த்த கிலுகிலுப்பையும் காசித்தும்பையும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தலைகாட்டும். நல்வேளை அதே கணக்கு. தும்பைக்கு இரண்டு வாரம் பொறுங்கள். இரண்டு நிஜ இலை வந்ததும் நெருக்கத்தைக் கலையுங்கள். தும்பைக்கு அரைச் சாண், காசித்தும்பைக்கு ஒரு சாண், நல்வேளைக்கு ஒரு அடி. கலைத்த நல்வேளையைப் பருப்போடு கடைந்துவிடலாம். கிலுகிலுப்பையை அடுப்பங்கரைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஈரலைக் கெடுக்கும் நச்சு அதில் உண்டு, ஆடுமாடும் மேயக் கூடாது. அந்த நச்சைத் தேடித்தான் வரிப்புலி மாதிரிக் கோடுபோட்ட வண்ணத்துப்பூச்சிகள் வந்து இலையைச் சுரண்டி உறிஞ்சும் என்பது வேறு கதை. அதைப் பார்ப்பதற்காகவே இரண்டு செடி வைக்கலாம்.

மாடியில் வைப்பவர்களுக்கு

‘எல்லாம் முளைத்தது, ஐந்தாம் நாள் அடியில் நூலாக மெலிந்து சாய்ந்துவிட்டது’ என்பது மாடித்தோட்டத்தில் அடிக்கடி கேட்கும் புகார். அது நாற்றழுகல். தென்னைநார்க்கழிவை அதிகம் கலந்த பையில் மழைக்காலத்தில் ஈரம் வடியாது, பூஞ்சைக்கு அதுதான் வேண்டும். பன்னிரண்டு அங்குலப் பைக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு போதும், நார்க்கழிவைத் தவிர்த்துவிடுங்கள். அடி ஓட்டை அடைபடாதபடி பையைச் செங்கல்மேல் வையுங்கள்.

காசித்தும்பை மத்தியான வெயிலில் துவண்டு தொங்கினால் பதறி ஊற்றவும் வேண்டாம். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும்.

காய்

காசித்தும்பைக் காய் முற்றினால் தொட்ட மாத்திரத்தில் வெடித்து விதை பத்துத் திசைக்கும் தெறிக்கும். பச்சை வெளிறத் தொடங்கும்போதே மெல்லிய துணிப்பையைக் காம்போடு கட்டிவிடுங்கள். நல்வேளையின் நீளக் காய் கீழிருந்து மேலாகப் பழுத்துப் பிளக்கும், மஞ்சளானதை மட்டும் அவ்வப்போது கிள்ளி எடுங்கள். தும்பையில் பூக்கொத்து பழுப்பானதும் தலைகீழாகக் காகிதத்தின்மேல் தட்டினால் போதும். கிலுகிலுப்பைக் காயைக் காதோரம் குலுக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் பறிக்கலாம். ஆனால் காயில் குண்டூசி அளவு ஓட்டை இருந்தால் உள்ளே புழு விதையைத் தின்றிருக்கும். வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி போட்ட அந்துப்பூச்சியின் புழு அது. அந்தக் காயை நல்ல காயோடு ஒரே உறையில் போட்டு வைத்தால் அடுத்த ஐப்பசியில் உறைக்குள் தூள்தான் மிஞ்சும்.