ஈஜென் நீலத் தீ: கடிகாரமும் முகமூடியும்

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் உள்ள ஈஜென் எரிமலைக்குப் பாலியிலிருந்து போகிறவர்கள் முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பாலியின் கிலிமானுக் துறையில் படகேறி ஜாவாவின் கெத்தாபாங்கில் இறங்கினால் நேரம் ஒரு மணி பின்னால் போய்விடும். வண்டிக்காரர் சொல்லும் மணி எந்தத் தீவின் மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நடை தொடங்கும் அடிவாரமான பால்துடிங்கிலிருந்து எரிமலை வாய் விளிம்புவரை சுமார் 3 கி.மீ. ஏற்றம், கடைசிப் பகுதி மட்டும் கொஞ்சம் சமதளம். அங்கிருந்து உள்ளே நீலத் தீ எரியும் இடத்துக்குப் பாறைகளில் இறங்க முக்கால் மணி நேரம் வையுங்கள். நீலத் தீ என்பது எரியும் கந்தக வாயு. பகலிலும் எரியும், ஆனால் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. விடிந்தபின் போனால் வெறும் புகைதான்.

துணி முகமூடி இந்த வாயுவைத் தடுக்காது. அமில வாயு வடிகட்டி பொருத்தியதை அடிவாரத்தில் வாடகைக்குத் தருவார்கள். மாட்டிக்கொண்டு, வடிகட்டியை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுங்கள். முகத்தோடு ஒட்டினால் சரி, ஓரத்தில் காற்று நுழைந்தால் வேறு கேளுங்கள். தாடிக்காரர்களுக்குக் கட்டாயம் கசியும். வெள்ளிக் கொலுசு, மோதிரம் கறுத்துவிடும். அறையிலேயே கழற்றி வையுங்கள்.

கந்தகக் கூடை சுமப்பவர்கள் எதிரே வந்தால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள். எரிமலையின் சீற்றம் கூடினால் உள்ளே இறங்கத் தடை போடுவார்கள், முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.