மறைந்த தலைவருக்கு நினைவுத்தூபி: வன்னியில் சங்கம் அமைத்துக் காசு சேர்ப்பது எப்படி?

"எங்கட ஊரில ஒரு தூபி கட்டவேணும்" என்ற பேச்சு எழுந்த மறுநாளே காசு சேர்க்கப் புறப்படுவதுதான் முதல் பிழை. காணிக் கடிதமும் வங்கிக் கணக்கும் இல்லாமல் சேரும் காசு யாரோ ஒருவருடைய அலுமாரிக்குள் போய்விடும். அது அங்கே கிடக்கும் ஒவ்வொரு மாதமும் ஊருக்குள் ஒரு கதை கிளம்பும். ஆகவே இந்த விளக்கத்தில் காசு ஐந்தாவதாகத்தான் வருகிறது.

1. யாருக்கு என்பதை முதலில் தீருங்கள்

பெரிய தலைவர் என்பதாலேயே எல்லோருக்கும் சம்மதம் என்று எண்ணவேண்டாம். செல்லப்பா சுந்தரலிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 இல் வவுனியா மக்கள் தெரிவு செய்தவர், டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சராக இருந்தவர். 1968 இல் ஒடுக்கப்பட்ட சாதியினரின் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசத்தை எதிர்த்து நின்றவரும் அவரே. அவருக்குத் தூபி என்றால் ஒரு பகுதியினர் கைகொடுப்பர், இன்னொரு பகுதியினருக்கு மனம் ஒப்பாது. அந்த எதிர்ப்பை முதற் கூட்டத்திலேயே கேட்டு முடித்துவிடுங்கள். தூண் எழுந்த பிறகு கேட்டால் அது சண்டையாகிவிடும்.

2. பொதுக்கூட்டமும் யாப்பும்

கிராம அலுவலர், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, பாடசாலை அதிபர் எல்லோருக்கும் எழுத்தில் அழைப்புக் கொடுங்கள். வந்தவர்களிடம் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் வாங்குங்கள். இந்த வரவுப் பதிவும் கூட்டக் குறிப்பும்தான் பின்னர் பிரதேச செயலகத்திலும் வங்கியிலும் கேட்கப்படும். தலைவர், செயலாளர், பொருளாளர், உப தலைவர், உப செயலாளர் ஆகியோரோடு ஆறு உறுப்பினர் சேர்ந்தால் பதினொருவர். அதற்கு மேல் வேண்டாம், ஆள் கூடக்கூட நடப்பெண் (கூட்டம் செல்லுபடியாக வரவேண்டிய ஆள் எண்ணிக்கை) சேராது. உட்கணக்காய்வாளர் இந்தப் பதினொருவருக்கு வெளியே இருக்கட்டும்.

யாப்பு, அதாவது சங்கத்தின் விதித்தொகுப்பு, மூன்று பக்கம் போதும். நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: "இன்னாருக்கு இன்ன இடத்தில் நினைவுத்தூபி அமைத்து, அதை உள்ளூராட்சி சபையிடம் ஒப்படைத்தல்." இதற்குள் கல்வி உதவி, மருத்துவ உதவி என்று சேர்த்தால் தூபிக் காசு வேறெங்கோ போகும். பலரும் மறப்பது கலைப்பு விதி. வேலை முடிந்தபின் மிஞ்சும் பணம் யாருக்கு என்று இப்போதே எழுதிவிடுங்கள்.

3. பதிவு

ஒரே பிரதேச செயலாளர் பிரிவுக்குள் இயங்குவதானால் அந்தச் செயலகத்தில் சமூகமட்ட அமைப்பாகப் பதிவு செய்யக் கேளுங்கள். 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வச் சமூக சேவை அமைப்புகள் சட்டம் வறியோர், நோயாளர், அநாதைகள் போன்றோருக்கு உதவும் அமைப்புகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது, தூபிச் சங்கத்தை அல்ல. 2007 இன் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாத வரையறைக் கம்பனியாகவும் (உறுப்பினரின் பொறுப்பு அவர்கள் உத்தரவாதம் தந்த தொகையோடு நிற்கும் கம்பனி) பதியலாம். ஆனால் ஒரு தூபிக்கு அது பெருஞ்சுமை.

4. காணி

இங்கேதான் அதிகமான தூபிகள் நின்றுபோகின்றன. ஏ-9 ஓரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, உள்ளூர் ஒழுங்கை என்றால் பிரதேச சபை, அரச காணி என்றால் பிரதேச செயலாளர் அனுமதி தரவேண்டும். பற்றைக்காடாகக் கிடக்கும் இடம் வனவளத் திணைக்கள எல்லைக்குள் இருக்கலாம், வரைபடத்தில் பாருங்கள். வாய்ச்சம்மதம் கணக்கில் வராது. பிரதேச சபைக் காணியானால் சபைத் தீர்மானத்தின் பிரதி கையில் வேண்டும். தனியார் நன்கொடைக் காணியானால் நில அளவையாளர் வரைபடத்தோடு நொத்தாரிசு முன் உறுதி எழுதவேண்டும், பிள்ளைகளின் சம்மதமும் நல்லது.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நெடுநாள் ஆள் புழங்காத காணியில் அத்திவாரம் வெட்டுமுன், கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள்.

5. கணக்கும் பற்றுச்சீட்டும்

சங்கத்தின் பெயரில் கணக்குத் திறந்து, மூவருக்குக் கையொப்ப அதிகாரம் கொடுத்து, எந்த இருவர் ஒப்பமிட்டாலும் செல்லும் என்று விடாமல், பொருளாளர் கட்டாயம், அவரோடு மற்ற இருவரில் ஒருவர் என்று வையுங்கள். மூவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. வெளிநாட்டுப் பயணத்துக்கு அலுவல் பார்த்துக்கொண்டிருப்பவரும் வேண்டாம். அவர் போய்விட்டால், புதுத் தீர்மானம் வங்கிக்குப் போகும்வரை காசோலை எழுத முடியாது.

பற்றுச்சீட்டுப் புத்தகம் 50 தாள், தொடர் இலக்கம், காபன் பிரதி. எந்தப் புத்தகம் யாரிடம் என்று ஒரு பதிவேடு. சேர்க்கப் போவோர் இருவராகவே போகவேண்டும். பிழையாக எழுதிய சீட்டைக் கிழித்தெறியாமல் "இரத்து" என்று குறுக்கே எழுதிப் புத்தகத்திலேயே விடுங்கள். பின்னொருநாள் 37 ஆம் சீட்டு எங்கே என்று கேட்கத்தான் போகிறார்கள்.

புலம்பெயர் உறவுகளின் பணம் நேரே சங்கக் கணக்குக்கு வரட்டும். தனியாளின் கணக்குக்கும் வேண்டாம், உண்டியலிலும் (வங்கிக்கு வெளியே ஆள்மூலம் காசு மாற்றுவது) வேண்டாம்.

உள்ளூரில் கேட்க ஏற்ற காலம் காலபோக அறுவடை முடியும் மாசி, பங்குனி. நெல்லாகத் தருவோரிடம் மூட்டைக் கணக்கில் சீட்டுக் கொடுத்து, அன்றே விற்று, நிறைச் சிட்டையை அந்தப் பிரதியோடு குத்திவையுங்கள்.

நூறு ரூபாய் சேர்ந்தால் 65 கட்டுமானம், 15 கல்வெட்டும் வேலியும், 5 திறப்பு விழா, 15 கைவசம் என்று பிரித்துப் பாருங்கள். விழாச் செலவுதான் எப்போதும் மீறும்.

6. கட்டுமானம்

ஐப்பசி மழைக்கு முன் கொங்கிறீட் வேலை முடியவேண்டும். தூணுக்குச் சீமெந்து 1, மணல் 1½, சல்லி 3. கடல்மணலும் உவர்நீரும் கம்பியைத் தின்னும், சில வருடத்தில் தூண் வெடிக்கும். கரையோரத்தில் கம்பிக்கு வெளியே 2 அங்குலம் கொங்கிறீட் இருக்கட்டும். ஈரச்சாக்குச் சுற்றி ஏழு நாளாவது தண்ணீர் விடுங்கள். மணல் ஏற்றிவரும் டிராக்டரின் அனுமதிப்பத்திரத்தில் ஒரு பிரதி எடுங்கள். அது இல்லாத வண்டி வழியில் மறிக்கப்பட்டால் உங்கள் வேலையும் நிற்கும்.

7. கல்வெட்டு

எழுத்து ஒரு அங்குலத்துக்குக் குறைந்தால் ணை, ஞூ போன்றவற்றின் சுழிகள் கல்லில் அடைபடும். மெய்யெழுத்துப் புள்ளிகளை வெட்டுபவர் தவறவிடுவது வழக்கம். முதலெழுத்தையும் தீர்மானித்துக் கொடுங்கள்: எஸ். ஜே. வி. செல்வநாயகமா, சா. ஜே. வே. செல்வநாயகமா? பிறந்தது 31.03.1898, மறைந்தது 26.04.1977. இப்படி நாட்களையும் இலக்கத்தில் எழுதி, இருவர் வாசித்து ஒப்பமிட்ட தாளைத்தான் கொடுக்கவேண்டும். திறந்துவைத்தவரின் பெயர் மறைந்தவரின் பெயரைவிடப் பெரிதாக நிற்கும் கல்வெட்டுகள் வன்னியில் குறைவில்லை, அதையும் அதே தாளில் அளவு குறித்துத் தடுத்துவிடலாம்.

8. ஒப்படைப்பு

திறப்பு விழாவுக்கு அடுத்த மாதம் கணக்காய்வு. வரவு செலவைச் சனசமூக நிலையப் பலகையில் ஒட்டுங்கள். பராமரிப்பை ஏற்கும் கடிதத்தைப் பிரதேச சபையிடம் வாங்கி, மிஞ்சிய பணத்தை யாப்பின்படி கொடுத்து, கணக்கை மூடுங்கள். பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளை மட்டும் எறியவேண்டாம், செயலாளர் வீட்டில் ஒரு தகரப்பெட்டிக்குள் கறையான் ஏறாமல் கிடக்கட்டும்.