சித்திரைக்கு ஏத்திடலாம் என்று சொன்ன சம்பளத்தைக் கேட்டு வாங்குவது எப்படி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 2017 முதல் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். 140 பேருக்கு மாதாமாதம் சம்பள ஷீட் போடுவது என் வேலை. 2024 ஏப்ரல் ஷீட்டில் என் பெயருக்கு நேராகப் பழைய 16,500 ரூபாயை நானேதான் அடித்தேன். அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய தீபாவளிக்கு போனஸ் கொடுத்த அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சித்திரைக்கு மூவாயிரம் ஏத்திடலாம் அம்மணி" என்று சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை நம்பித்தான், அவிநாசி ரோட்டில் இன்னொரு கம்பெனி 19,000 தருகிறேன் என்று கூப்பிட்டதற்கு வரவில்லை என்று சொன்னேன். பையனின் ஸ்கூல் ஃபீஸுக்கும் அந்த மூவாயிரத்தை வைத்தே கணக்குப் போட்டிருந்தோம்.

இப்படிக் காத்திருப்பவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். எனக்கு நடந்ததையும், ஷீட் போடுகிற நாற்காலியில் இருந்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெரிய வேண்டும். முதலாளி வாயால் சொன்னது தானாகச் சம்பளத்தில் ஏறாது. முதலாளி கையெழுத்துப் போட்ட இன்கிரிமென்ட் லிஸ்ட், அதாவது யாருக்கு எவ்வளவு உயர்வு என்ற பட்டியல், என் மேசைக்கு வந்தால்தான் நான் தொகையை மாற்ற முடியும். லிஸ்டில் பெயர் இல்லை என்றால், அவர் யாரிடம் என்ன சொல்லியிருந்தாலும் எனக்குத் தெரிய வழியில்லை. பாதிப் பேருக்கு உயர்வு நின்றுபோவது இந்த இடத்தில்தான். சிலருக்கு வேண்டுமென்றே நிறுத்துவார்கள், அதுவும் உண்டு. எது என்று தெரியாமல் ஆரம்பத்திலேயே ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபத்தோடு உள்ளே போகாதீர்கள். "லிஸ்டில் என் பெயர் விட்டுப்போயிருக்கிறதா?" என்று அக்கவுன்ட்ஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்தது, எவ்வளவு என்பதோடு எதில் ஏறுகிறது என்பதையும் கேட்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்போது எனக்கு பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்து 12,000, மீதி 4,500 மற்ற படிகளான அலவன்ஸ். மூவாயிரத்தை பேசிக்கில் சேர்த்தால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் 1,440-லிருந்து 1,800 ஆகும், மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் ஒரு 23 ரூபாய் கூடப் போகும். கையில் கூடுதலாக வருவது 2,617 தான். அலவன்ஸில் சேர்த்தால் கிட்டத்தட்ட முழு மூவாயிரமும் கைக்கு வந்துவிடும். மாதச் செலவை நினைத்துப் பார்த்தால் அலவன்ஸ்தான் நல்லது என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் பேசிக்கில் ஏறினால் கம்பெனியும் என் பி.எஃப்.பில் மாதம் 360 ரூபாய் கூடக் கட்டும். வேலையை விடும்போது மொத்தமாகக் கிடைக்கிற கிராஜுவிட்டியும் கடைசியாக வாங்கிய பேசிக், டி.ஏ.வை வைத்துத்தான்: அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருடத்தால் பெருக்க வேண்டும். ஏழு வருடத்துக்கு அந்த மூவாயிரம் மட்டும் 12,115 ரூபாய் வித்தியாசம் தருகிறது. அதனால் பேசிக்கில் கேளுங்கள். முழுதும் முடியாது என்றால் பாதியாவது அதில் கேளுங்கள். மொத்தச் சம்பளம் 21,000-ஐ ஒட்டி இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதைத் தாண்டினால், ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இருக்கிற அந்த அரையாண்டு முடிந்ததும் இ.எஸ்.ஐ. பிடித்தம் நின்றுவிடும், கொஞ்ச மாதத்தில் வைத்திய வசதியும் நின்றுபோகும். வீட்டில் யாருக்காவது தொடர்ந்து வைத்தியம் நடக்கிறது என்றால் அதையும் கணக்கில் வையுங்கள்.

எப்போது கேட்பது? சம்பளம் ஏறவில்லை என்று 7ஆம் தேதி பார்த்துவிட்டு அன்றைக்கே போய் நிற்பவர்கள் அதிகம். அந்த மாதத்துக் கணக்கு அதற்குள் முடிந்திருக்கும். எங்கள் கம்பெனியில் 28ஆம் தேதி ஷீட்டை மூடுவோம். உங்கள் கம்பெனியில் என்றைக்கு மூடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அதற்குப் பத்து நாள் முன்னால் பேசுங்கள். கன்டெய்னர் கிளம்புகிற நாள், சரக்கு வாங்குகிற பையர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற நாள், போனஸ் வாரம் எல்லாம் வேண்டாம். சனிக்கிழமை வாரக்கூலி கொடுக்கிற கம்பெனி என்றால் சனிக்கிழமையும் வேண்டாம், அன்றைக்கு முதலாளி காதில் பணம் என்ற வார்த்தையே ஏறாது.

ஏப்ரலும் மேயும் எனக்குப் பேசாமலே போய்விட்டது. ஜூன் 15-ஐ ஒட்டி ஒரு காலையில், டீ குடித்து முடித்த நேரம் பார்த்துப் போனேன்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம் பேசணுங்க."

"சொல்லு அம்மணி."

"தீபாவளிக்கு நீங்க சொன்ன மூவாயிரம் இன்னும் ஷீட்டுல வரலைங்க. ஏப்ரல்ல இருந்துன்னு சொன்னீங்க."

"அட, மறக்கலை. பையர் பேமென்ட் இன்னும் வரலையே."

"சரிங்க சார். எப்ப வரும்னு எதிர்பாக்கறீங்க?"

"இந்த வாரக் கடைசியில வந்துரும்."

"அப்ப ஜூன் மாச ஷீட்டுலயே சேத்துக்கலாங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "ம், சேத்துக்க."

அவர் சொன்ன காரணத்தோடு நான் மல்லுக்கு நிற்கவில்லை. அதற்குள்ளேயே ஒரு தேதியைக் கேட்டேன். பேமென்ட் வரட்டும், ஷிப்மென்ட் போகட்டும், ஆடி போகட்டும், ஆடிட் முடியட்டும் என்று எது வந்தாலும், "சரிங்க, அது எப்ப முடியும்? அதுக்கு அடுத்த சம்பளத்துல சேத்துக்கலாங்களா?" என்றே கேளுங்கள். "பார்த்துக்கலாம்" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள்.

வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லிக் கேட்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கஷ்டத்தைச் சொன்னால் இரக்கம் வரும், கூடவே "ஒரு பத்தாயிரம் அட்வான்ஸ் வாங்கிக்க" என்றும் வரும். அட்வான்ஸ் உயர்வு கிடையாது, கடன். மாதாமாதம் பிடிப்பார்கள், வேறு வேலைக்குப் போக நினைத்தாலும் அது காலைக் கட்டும். ஒரு கட்டிங் மாஸ்டர் அண்ணன் அப்படி வாங்கிவிட்டு இரண்டு வருடம் அசைய முடியாமல் இருந்ததை ஷீட்டில் மாதாமாதம் பார்த்தவள் நான். பக்கத்து சீட்காரருக்கு எவ்வளவு என்ற பேச்சும் வேண்டாம். நீங்கள் செய்கிற வேலையைச் சொல்லுங்கள். எங்கள் ஆபீஸில் ஜி.எஸ்.டி. பார்த்த அண்ணன் 2022-ல் நின்ற பிறகு அதையும் நான்தான் பார்க்கிறேன், ரிட்டர்ன் போடுவது ஒரு மாதமும் கெடுவான 20ஆம் தேதியைத் தாண்டியதில்லை. முதலாளி யோசித்தபோது அதை மட்டும் எடுத்துச் சொன்னேன்.

பேசி முடித்த அன்றே எழுத்தில் வைத்துவிட வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நான் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியது இது:

"வணக்கம் சார். காலையில் பேச நேரம் கொடுத்ததற்கு நன்றி. போன தீபாவளிக்குச் சொன்னபடி ஏப்ரல் முதல் மாதம் 3,000 ரூபாய் உயர்வை ஜூன் மாதச் சம்பளத்தில் பேசிக்கில் சேர்க்கிறேன். ஏப்ரல், மே பாக்கியான அரியர்ஸ் 6,000 ரூபாயை இதே சம்பளத்தில் போடலாமா, தனியாகத் தருகிறீர்களா என்று சொல்லுங்கள் சார்."

ஒரு மணி நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் படமும், "அரியர்ஸ் அடுத்த மாசம்" என்ற மூன்று சொல்லும் வந்தன. அதை பிரின்ட் எடுத்து இன்கிரிமென்ட் ஃபைலில் வைத்து, அதன் மேலேயே கையெழுத்தும் வாங்கினேன். தொகை, எந்த மாதத்திலிருந்து, எதில் என்ற மூன்றும் அந்த ஒரு காகிதத்தில் இருந்தன. ஜூன் சம்பளத்தில் உயர்வு வந்தது. அரியர்ஸ் ஜூலையில் 3,000, செப்டம்பரில் 3,000 என்று வந்து சேர்ந்தது. அரியர்ஸைக் கேட்க நிறையப் பேர் கூச்சப்படுகிறார்கள். தாமதம் அவர்கள் பக்கம், அதை நீங்கள் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

உயர்வு வந்ததும் பே சிலிப்பை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். பி.எஃப். பாஸ்புக்கை ஆன்லைனில் திறந்து, கம்பெனி கட்டிய தொகையும் ஏறியிருக்கிறதா என்று அடுத்த மாதமே பாருங்கள்.

இரண்டு தேதி கொடுத்து இரண்டையும் தவறவிட்டால்? மூன்றாவது முறை மெயிலில் கேளுங்கள், எச்.ஆர். இருந்தால் அவரையும் சேர்த்து அனுப்புங்கள். கையெழுத்துப் போட்ட இன்கிரிமென்ட் லெட்டர் இருந்தும் தரவில்லை என்றால் அது உங்களுக்கு வர வேண்டிய சம்பளம், தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். வெறும் வாய்வார்த்தையை அங்கே நிரூபிப்பது கஷ்டம், அதனால்தான் எழுத்து எழுத்து என்று இவ்வளவு சொல்கிறேன். டெய்லர், செக்கிங், பேக்கிங் வேலையில் இருப்பவர்களுக்கு வழி வேறு. முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் போட்ட கூலி ஒப்பந்தத்தில் இருக்கிற உயர்வு என்றால் சங்கத்தில் போய்ச் சொல்லுங்கள், தனியாகப் போராட வேண்டியதில்லை. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே தருகிறார்கள் என்றால் யார் வாக்கும் தேவையில்லை, அது சட்டப்படியே உங்கள் பணம். அதற்கான டி.ஏ. நம் மாநிலத்தில் ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறும்.

அதற்கும் மேலே வேறு கம்பெனிதான் என்று முடிவு செய்தால், அங்கே ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு இங்கே ராஜினாமா எழுதுங்கள். போகிறேன் என்று மிரட்டி உயர்வு கேட்க வேண்டாம், சரி போ என்று சொல்லிவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. சேர்ந்த தேதியையும் ஒருமுறை பாருங்கள். ஐந்து வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது கிளம்பினால் கிராஜுவிட்டிக்கு வாதாட வேண்டிவரும், முடித்துவிட்டுக் கிளம்பினால் அந்தப் பேச்சே இல்லை. பழைய பி.எஃப்.பை எடுத்துச் செலவழிக்காமல் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிற சம்பளச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்குச் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ராஜினாமாக் கடிதத்தின் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.