குவாண்டம் புள்ளியை ஒளியால் பிடிப்போம்: தங்கத் துளை வழியாக ஒரு தொடக்கச் செய்முறை

சென்னையில் கிண்டி, தரமணிப் பக்கம் ஆய்வகங்களில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்யும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். குவாண்டம் புள்ளி என்பது சில நானோமீட்டரே உள்ள, ஒளிரும் குறைக்கடத்தித் துகள். குவித்த லேசரால் பெரிய பிளாஸ்டிக் மணியைப் பிடிக்கும் அமைப்பில் அது ஏன் மாட்டுவதில்லை?

காரணம் அளவு. லேசரால் துகள் பிடிக்கும் முறைக்கு முன்னோடியான இயற்பியலாளர் ஆர்தர் ஆஷ்கினின் குழு 1986-இல் ஒற்றை லேசர்க் கற்றையால் 10 மைக்ரான் முதல் 25 நானோமீட்டர் வரையான துகள்களைப் பிடித்துக் காட்டியது. ஆனால் இவ்வளவு சிறிய துகளை இழுக்கும் விசை அதன் கன அளவோடு சேர்ந்து குறையும். 100 நானோமீட்டரிலிருந்து 10-க்கு இறங்கினால் விசை ஆயிரத்தில் ஒரு பங்குதான். தண்ணீர் மூலக்கூறுகளின் இடி மட்டும் குறையாது. லேசரைக் கூட்டிக்கொண்டே போனால் சூடுதான் மிஞ்சும். லென்ஸால் ஒளியை ஏறத்தாழ அரை மைக்ரானுக்குக் கீழே குவிப்பதும் கடினம். அதற்கு மேல் நெருக்கிக் கொடுக்க உலோகம் வேண்டும்.

படி 1: துளை. கண்ணாடி கவர் ஸ்லிப்பின் மேல் மெல்லிய தங்கப் படலம். அதில் அயனிக் கற்றையால் குடைந்த, போ-டை (bow-tie) வடிவத் துளை, அதாவது முனையோடு முனை பார்க்கும் இரண்டு முக்கோணங்கள். இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே சில பத்து நானோமீட்டர் இடைவெளி. தங்கத்தின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஆடும்போது ஒளியின் மின்புலம் அந்த இடுக்கில்தான் குவிகிறது. துளையை நீங்களே குடைய வேண்டாம், தயாரானதை வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: கரைசல். தண்ணீரில் கலக்கும் காட்மியம் செலினைடு புள்ளிகள் போதும். குப்பியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். சென்னைக் காற்றின் ஈரம் நொடியில் அதன்மேல் முத்து முத்தாகப் படியும். அறைச் சூட்டுக்கு வந்தபின் துடைத்துவிட்டுத் திறங்கள். நன்றாக நீர்க்க வையுங்கள், உப்பைக் குறையுங்கள். உப்பு கூடினால் மின்விலக்கு அடங்கிப் புள்ளிகள் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். காட்மியம் நச்சு, கையுறை கட்டாயம்.

படி 3: லேசர். 1064 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் ஆபத்து. அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். ஏசி போட்டு அறை நிலைக்கு வந்தபின் ஃபோகஸ் செய்யுங்கள், இல்லையென்றால் அது நகர்ந்துகொண்டே இருக்கும். துருவமுனைப்பு, அதாவது ஒளியின் மின்புலம் ஆடும் திசை, ஒரு கூர்முனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கோட்டில் இருக்கட்டும். குறைந்த திறனில் தொடங்குங்கள். தங்கம் சூடானால் குமிழி வரும்.

படி 4: பார்ப்பது. சிவப்பில் ஒளிரும் புள்ளிக்கு 1064-இன் ஒரு ஃபோட்டான் போதாது. இரண்டைச் சேர்த்து விழுங்கினால் 532-க்குச் சமம், ஒளிரும். இந்த ஒளிர்வு, விழும் ஒளியின் செறிவின் வர்க்கப்படி ஏறுவதால், இடுக்கில் இருக்கும் புள்ளிதான் பளிச்சென்று தெரியும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த விஷயம் இதுதான்: பிடிக்கிற ஒளியே விளக்காகவும் ஆகிவிடுகிறது. கேமராவுக்கு முன்னால் 1064-ஐத் தடுக்கும் ஃபில்டர் மறக்காதீர்கள். முதலில் வெறும் தண்ணீரை வைத்துப் பாருங்கள், தங்கமே மங்கலாக ஒளிரக்கூடும்.

படி 5: பிடித்ததா, ஒட்டியதா? இங்கேதான் நிதானம் தேவை. திரையில் ஒரு புள்ளி மின்னியதும் சந்தோஷப்படத் தோன்றும். பொறுங்கள். லேசரைச் சில நொடிகள் அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். புள்ளி போயிருந்தால் லேசர்ப் பொறிதான் அதைப் பிடித்திருந்தது. அங்கேயே இருந்தால் ஒட்டிக்கொண்டது, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஒற்றைக் குவாண்டம் புள்ளி தானாகவே அணைந்து அணைந்து எரியும் என்பதையும் மனதில் வையுங்கள். மறைந்தால் தப்பிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஒருமுறை அணைந்ததை வைத்து மட்டும் தீர்ப்பெழுத வேண்டாம், பலமுறை செய்து பாருங்கள். அப்புறம் துருவமுனைப்பை 90 பாகை திருப்புங்கள். இடுக்கின் செறிவு சரியும், பிடிபட்ட புள்ளி நழுவ வேண்டும். கடைசியாகத் திறனைப் படிப்படியாகக் குறைத்து, எந்த அளவில் புள்ளிகள் நிற்காமல் போகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் துளை எவ்வளவு நல்லது என்பதை அந்த எண்தான் சொல்லும்.