கேபினட்டில் ஏற்றும் முன் மேசையிலேயே ஓட்டிப் பாருங்கள்

செங்கோட்டை, புளியரை பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பாகங்கள் வந்து சேர்ந்ததும் கேபினட்டை, அதாவது எல்லாவற்றையும் அடக்கும் பெட்டியை, பிரிக்காதீர்கள். மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் மாட்டும் முதன்மைப் பலகை) வந்த அட்டைப்பெட்டி மேலேயே போர்டை வைத்து எல்லாவற்றையும் மாட்டி, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கோளாறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் ரைசன் 5 8600ஜி பிராசசர், பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி டிடிஆர்5 ராம், ஒரு எம்.2 எஸ்எஸ்டி (தகவலைச் சேமிக்கும் சின்னத் தகடு), 550 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) தாராளமாகப் போதும். இந்தப் பிராசசரிலேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் தனி கார்டு வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். பி650 போர்டுகள் 2022இல் வந்தவை, 8600ஜி வந்தது 2024இல். போர்டு பழைய இருப்பாக இருந்தால், அதைத் தொடக்கி வைக்கும் மென்பொருளான பயாஸ் இந்தப் பிராசசரை அடையாளம் காணாது. திருநெல்வேலியில் வாங்கினாலும் கொல்லத்தில் வாங்கினாலும், கடையிலேயே பயாஸை அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

தொடங்கும் முன், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்க, இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு உட்காருங்கள். போர்டில் பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்கி, அதன் உலோகச் சட்டத்தையும் திறங்கள். உள்ளே 1718 மெல்லிய பின்கள் இருக்கும், விரல் படக்கூடாது. பிராசசரின் மூலையிலுள்ள சின்னத் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து மெதுவாக வையுங்கள். அது தானாக உட்காரும், அழுத்தவே வேண்டாம். சட்டத்தை மூடி நெம்புகோலை இறக்கும்போது கொஞ்சம் பலம் வேண்டியிருக்கும், பயப்படாதீர்கள். சட்டத்தின் மேலுள்ள கறுப்பு மூடி கழன்று வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள், போர்டை வாரண்டிக்கு அனுப்ப நேர்ந்தால் தேவைப்படும்.

ராமுக்கு நான்கு இடம் இருந்தால், பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். எஸ்எஸ்டியைச் சாய்வாக நுழைத்து, அமுக்கி, திருகுங்கள். பிராசசரோடு வரும் கூலரை (சூட்டைத் தணிக்கும் ஃபேன்) மாட்ட, போர்டில் ஏற்கெனவே உள்ள இரண்டு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றிவிட்டு, நான்கு திருகையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கூலரின் அடியில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவியே வரும், தொடாதீர்கள்.

இப்போது எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கேபிளையும், சிபியு என்று எழுதிய 8 பின் கேபிளையும் செருகுங்கள். பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒருசேர ஒரு நொடி தொட்டால் ஃபேன் சுற்றும். திரை மட்டும் சில நிமிடம் இருண்டே கிடக்கும். டிடிஆர்5 ராமை போர்டு பழகிக்கொள்ளும் நேரம் அது. அவசரப்பட்டு அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பயாஸ் திரை வந்துவிட்டதா? சரி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினட்டுக்கு வாருங்கள். போர்டிலுள்ள துளைகளுக்கு நேராக மட்டும் கேபினட்டில் போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள் இருக்க வேண்டும். தப்பான இடத்தில் ஒன்று நின்றாலும் போர்டின் அடியில் ஷார்ட் ஆகும்.

அப்புறம், ஆனி, ஆடிச் சாரலில் நம் ஊர்த் தரை ஈரம் கோத்துக் கிடக்கும். கேபினட்டைத் தரையில் வைக்காமல் மேசையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசியில் இடி தொடங்கியதும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் நெட் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள்.