சாளரமும் ஓவர்சாம்பிளிங்கும்: 444 ஹெர்ட்ஸ் அலையை வைத்து ஒரு செய்முறை

வினாடிக்கு 8000 மாதிரிகள் என்ற வேகத்தில் 1000 மாதிரிகளை எடுத்தால், நம் கையில் இருப்பது 0.125 வினாடி நீளமுள்ள சமிக்ஞை. அதற்கு எஃப்எஃப்டி (எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு உள்ளது என்ற நிறமாலையைத் தரும் கணக்கு) எடுத்தால் நிறமாலையின் புள்ளிகள் 8 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அமையும். 8000-ஐ 1000-ஆல் வகுத்தாலும் 1-ஐ 0.125-ஆல் வகுத்தாலும் விடை அதே 8 தான். இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டு, பைத்தான் நிரல்மொழியும் அதன் எண்கணக்கு நூலகமான நம்பையும் உள்ள கணினியில் பின்வரும் படிகளைச் செய்து பாருங்கள்.

படி 1. வீச்சு 1 உள்ள 440 ஹெர்ட்ஸ் கோசைன் அலையை உருவாக்கி, எஃப்எஃப்டி எடுத்து, கிடைக்கும் அளவுகளை 500-ஆல் வகுத்து வரையுங்கள். 440 என்பது 8-இன் 55 மடங்கு ஆதலால், 55-ஆம் புள்ளியில் 1 என்ற உயரத்தில் ஒரே ஒரு கோடு நிற்கும். மற்ற இடங்களில் ஏறத்தாழச் சுழியமே இருக்கும்.

படி 2. அதிர்வெண்ணை 444 ஆக மாற்றுங்கள். இப்போது 55.5 சுற்றுகளே அடங்குவதால், +1-இல் தொடங்கிய அலை −1-ஐ எட்டும் இடத்தில் துண்டு அறுபடுகிறது. எஃப்எஃப்டியோ இந்தத் துண்டு முடிவின்றித் திரும்பத் திரும்ப வருவதாகவே கணக்கிடுகிறது. ஆகவே ஒவ்வொரு இணைப்பிலும் −1-லிருந்து +1-க்கு ஒரு தாவல் உண்டாகிறது. மூல அலையில் இல்லாத இந்தத் தாவல்தான் கசிவுக்கு, அதாவது அலை மற்றப் புள்ளிகளுக்கும் பரவித் தெரிவதற்கு, காரணம். 440, 448 ஆகிய இரு புள்ளிகளிலும் உயரம் 0.64 அளவுக்குக் குறைந்து, எஞ்சியது நிறமாலை முழுவதும் பரவிக் கிடப்பதைக் காணலாம்.

படி 3. கசிவு செய்யும் கேட்டை நேரில் பார்க்க, வீச்சு 0.001 மட்டுமே உள்ள 1000 ஹெர்ட்ஸ் அலையை இதனுடன் கூட்டி, டெசிபல் அளவில் வரையுங்கள். அந்த இடத்தில் பெரிய அலையின் கசிவே ஏறத்தாழ 0.006 இருப்பதால், சிறிய அலை அதில் மூழ்கிவிடும். உற்றுப் பார்த்தாலும் அரை டெசிபல் அளவிலான ஒரு சிறு புடைப்பே தென்படும்.

படி 4. இனி ஹான் சாளரத்தைப் பயன்படுத்துவோம். ஆஸ்திரிய வானிலை அறிஞர் யூலியஸ் ஃபோன் ஹானின் பெயரைத் தாங்கிய இச்சாளரம், தொடக்கத்தில் சுழியமாக இருந்து, நடுவில் 1-க்கு உயர்ந்து, மறுபடியும் சுழியத்துக்கு இறங்கும் வழவழப்பான மேடு. ஒவ்வொரு மாதிரியையும் அதே இடத்துச் சாளர மதிப்பால் பெருக்கினால் இரு முனைகளும் அடங்கிவிடும், தாவல் மறையும். சாளர மதிப்புகளின் சராசரி 0.5 ஆதலால் இப்போது 500-ஆல் அல்ல, 250-ஆல் வகுக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான். 1000 ஹெர்ட்ஸ் அருகே கசிவு பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்க, மறைந்திருந்த அலை தெளிவாக எழுந்து நிற்கும். 440, 448 புள்ளிகளின் உயரமும் 0.85 ஆகும்.

இதற்கு ஒரு விலை உண்டு. நிறமாலையில் ஒவ்வோர் அலைக்கும் எழும் முதன்மை மேட்டின் அகலம் 16 ஹெர்ட்ஸிலிருந்து 32 ஆகிவிடுவதால், 12 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருங்கி நிற்கும் இரண்டு அலைகள் ஒன்றாகக் கலந்துவிடக்கூடும்.

படி 5. அப்படியானால் மாதிரியெடுக்கும் வேகத்தைக் கூட்டினால் அவை பிரிந்துவிடுமா? பிரியா. வேகத்தை 32000 ஆக்கி அதே 1000 மாதிரிகளை எடுத்தால் புள்ளிகளின் இடைவெளி 32 ஹெர்ட்ஸாகிறது; நிலைமை மோசமாகத்தான் செய்கிறது. நெருங்கிய அலைகளைப் பிரிப்பது பதிவின் கால நீளமே.

ஓவர்சாம்பிளிங்கின், அதாவது தேவைக்கு மேற்பட்ட வேகத்தில் மாதிரியெடுப்பதன், பயன் வேறு. எண்ணாக மாற்றும்போது ஏற்படும் இரைச்சலின் மொத்த ஆற்றல் மாறுவதில்லை. வேகம் நான்கு மடங்கானால் அது நான்கு மடங்கு அகலமான பட்டையில் பரவுகிறது. நமக்கு வேண்டிய பட்டையை மட்டும் வடிகட்டினால் கால் பங்கு இரைச்சலே மிஞ்சும். அதாவது 6 டெசிபல், அல்லது ஒரு பிட் ஆதாயம். பிலிப்ஸ் தன் முதல் சிடி பிளேயர்களில் எண்களை மின்சமிக்ஞையாக்கும் 14 பிட் மாற்றியை வைத்துக்கொண்டு, 44.1 கிலோஹெர்ட்ஸை 176.4 ஆக உயர்த்தி, இரைச்சலை மேல் அதிர்வெண்களுக்குத் தள்ளும் உத்தியையும் சேர்த்தே 16 பிட் தரத்தை எட்டியது.

படி 6. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையின் 10 பிட் உள்ளீட்டில், மெதுவாக மாறும் ஒரு மின்னழுத்தத்தை 16 முறை படித்துக் கூட்டி, 4-ஆல் வகுத்தால் 12 பிட் மதிப்பு கிடைக்கும். ஆனால் படித்த மதிப்புகள் குறைந்தது ஓர் எண் அளவாவது மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். பதினாறும் 512 என்றே வந்தால் கூட்டுத்தொகை 8192, விடை 2048. புதிதாக எதுவும் தெரிய வராது.

படி 7. 32000-இல் எடுத்ததை 8000-க்கு இறக்கும்போது, நான்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை அப்படியே தள்ளிவிடாதீர்கள். முதலில் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்டால் 7000 ஹெர்ட்ஸில் உள்ள ஓர் அலை மடிந்து வந்து, நாம் தேடிக் கண்டுபிடித்த அதே 1000 ஹெர்ட்ஸ் இடத்தில் அமர்ந்துகொள்ளும்; அதன்பின் எந்தச் சாளரத்தாலும் அதை அங்கிருந்து அகற்ற இயலாது.