வேலை நாள் இரவுக்குக் கிழங்கு அடை: கொஞ்ச எண்ணெயில் மொறுமொறுப்பாக

கொழும்பில் பான்கேக் என்றால் தேங்காய்ப்பூவும் பாணியும் வைத்துச் சுருட்டியதுதான் நினைவுக்கு வரும். இது வேறு. பச்சைக் கிழங்கைத் துருவி, முட்டையோடு பிசைந்து, தாச்சியில் தட்டிச் சுடுகிற உறைப்பு அடை. ஏழு மணிக்குத் தொடங்கினால் ஏழே முக்காலுக்குச் சாப்பிடலாம்.

இரண்டு பேருக்கு (8 அடை): உருளைக்கிழங்கு 500 கிராம், லீக்ஸ் 1 தண்டு (அல்லது பம்பாய் வெங்காயம் 1), முட்டை 1, வறுத்த அரிசி மா 2 மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் 2, கறிவேப்பிலை ஒரு நெட்டு, மிளகுத்தூள், உப்பு தலா அரைத் தேக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி.

அவித்தால் உதிர்கிற, மாப்பிடிப்பான கிழங்கு நல்லது. பிரிட்ஜில் கிடந்த கிழங்கில் சீனித்தன்மை கூடிவிடும். உள்ளே வேக முன்னமே வெளியே கருகும். பச்சை நிறம் பிடித்ததைச் சேர்க்கவே வேண்டாம், அதிலுள்ள நஞ்சு சூட்டில் போகாது. நுவரெலியாக் கிழங்கு மண்ணோடு வரும். ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள், தோல் இருக்கட்டும். நார்ச்சத்து அதில் இருக்கிறது.

படி 1: துருவிப் பிழிதல். இதில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண். பெரிய துளைப் பக்கத்தில் துருவி, மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, ஒரு கோப்பைக்கு மேலே பிடித்து முறுக்குங்கள். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி முறுக்கினால் இன்னும் தண்ணீர் வரும். ஏறக்குறைய அரைக் கோப்பை சேரும். அதை அசையாமல் வைத்து, மேலே நிற்கும் மண்ணிறத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிடுங்கள். அடியில் நனைந்த சோக்கட்டி போல வெள்ளையாக ஒட்டியிருப்பது கிழங்கின் மாச்சத்து. கரண்டியால் வழித்துத் துருவலோடு சேர்த்துவிடுங்கள். அடை உடையாமல் பிடித்து வைப்பது அதுதான்.

ஈரம் நின்றால் தாச்சி குளிர்ந்துவிடும். அடை பொரியாமல் ஆவியில் அவிந்து ஒட்டிக்கொள்ளும், நாமும் மேலும் மேலும் எண்ணெய் விடுவோம். எண்ணெய் குறைய வேண்டுமென்றால் முதலில் தண்ணீர் போகவேண்டும்.

படி 2: பிசைதல். பொடியாக அரிந்த லீக்ஸ், மிளகாய், கறிவேப்பிலை, மிளகுத்தூள், மா, முட்டை எல்லாம் போட்டுப் பிசையுங்கள். உப்பை மட்டும் சுடப்போகிற நேரத்தில் சேர்க்கவேண்டும். முந்திப் போட்டால் கிழங்கு மீண்டும் தண்ணீர் விடும். கலவை சாம்பல் நிறமாக மாறினால் பயம் வேண்டாம், காற்றுப் பட்டதால் வருகிற நிறம்தான்.

வெள்ளிக்கிழமை சைவம் என்றால் முட்டையையும் அரிசி மாவையும் விட்டு, கடலை மா 3 மேசைக்கரண்டி போடுங்கள். கரட் துருவல் சேர்க்க விரும்பினால் கிழங்கில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள். அதற்கு மேல் போனால் பிடிப்பு இராது.

படி 3: சுடுதல். நடுத்தரச் சூட்டில் தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். ஒரு துருவலைப் போட்டால் உடனே சடசடக்கவேண்டும். ஒரு தடவைக்கு நான்கு அடைதான், நெருக்க வேண்டாம். அரை சென்ரிமீற்றர் தடிப்பாகத் தட்டி நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். ஓரம் பொன்னிறமாகி, தாச்சியை அசைத்தால் அடை தானாக வழுக்கும். அப்போது திருப்பி இன்னும் மூன்று நிமிடம். மூடி போடக்கூடாது. வெளியே சிவந்தும் உள்ளே பச்சையாக இருந்தால் சூடு கூடிவிட்டது அல்லது தடிப்புக் கூடிவிட்டது. அடுப்பைத் தணித்து இரண்டு நிமிடம் கூட விடுங்கள்.

சுட்டதைத் தட்டில் அடுக்கினால் அடிப்பக்கம் வேர்த்து நமுத்துவிடும். கவிழ்த்த அரிதட்டில் பரப்புங்கள்.

கூடச் சாப்பிட: கிழங்கே மாச்சத்து. ஆகவே பாணும் சோறும் வேண்டாம். தட்டில் பாதி வல்லாரைச் சம்பலாக இருக்கட்டும்: ஒரு கட்டு வல்லாரையைப் பொடியாக அரிந்து, சின்ன வெங்காயம், கொஞ்சத் தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப் புளி, உப்பு. தொட்டுக்கொள்ளச் சட்டியில் வருகிற எருமைத் தயிர் நல்ல கட்டியானது, வடிக்கத் தேவையில்லை. வெள்ளரிக்காயைத் துருவிப் பிழிந்து, மிளகுத்தூளோடு கலந்தால் போதும்.

மிஞ்சினால் சுட்ட அடையாகவே பிரிட்ஜில் வையுங்கள், பச்சைக் கலவையாக வேண்டாம். காலையில் எண்ணெய் விடாத தோசைக்கல்லில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வைத்தால் மொறுமொறுப்புத் திரும்பி வரும்.